ஆறப் பொறுக்காத வளைவு

“…தட்டச் சொன்னது யாருன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை அரபியில நான் சொல்லிக்கறேன்” என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரி நடைவழி. அம்மா வெள்ளை நர்ஸ் யூனிபார்மில் இருந்தாள். அப்பா உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சிமெண்ட் தூசி. பக்கத்து நாற்காலியில் ஒரு போலீஸ்காரர், தொடைமேல் அட்டை, அட்டைமேல் காகிதம். நான் சுவரோடு சுவராக. அந்த வாக்கியத்துக்கு முன்னால் அம்மா என்ன சொன்னாள் என்பது எனக்கு நினைவில்லை. அதற்குப் பின்னால் என்ன செய்தாள் என்பது மறக்கவில்லை.

ஷார்ஜாவில் என்னோடு ஒரே பள்ளி பஸ்ஸில் வந்தவர்களே, நமக்கெல்லாம் இப்போது நாற்பது வாசற்படியில் வந்து நிற்கிறது. மருந்துச் சீட்டைக் கையை நீட்டித்தான் படிக்கிறோம். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டாள், “ஏய், அந்த சர்ச் இடிஞ்ச பொண்ணு நீதானே?” என்று. கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகளைப் பத்துப் பதினைந்து பேர் போட்டீர்கள். நானும் ஒன்று போட்டேன். ஏழாம் வகுப்பு நடுவில், குளிர்கால லீவுக்குப் பிறகு நான் ஏன் பஸ்ஸுக்கு வரவில்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன்.

ஒரு பிளாட்டை மூன்றாகப் பிரித்து வாழ்வது அங்கே வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஓர் அறையில் அப்பா, அம்மா, நான். ஹாலில் ப்ளைவுட் தடுப்புக்குப் பின்னால் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. இன்னோர் அறையில் யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர், கட்டட வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன். அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் சென்ட்ரிங் ஃபோர்மேன். சென்ட்ரிங் என்றால், ஊற்றிய கான்கிரீட் இறுகித் தன் காலில் நிற்கும்வரை அடியில் தாங்கிப் பிடிக்கிற பலகையும் முட்டும். மாமா அப்பாவுக்குக் கீழே கார்பெண்டர். விசா எடுத்துக் கொடுத்தது அப்பா. அதை வாரம் ஒருமுறையாவது அப்பா நினைவுபடுத்துவார்.

அப்பாவுக்கு இரண்டு பழமொழிதான் தெரியும். “அடியாத மாடு படியாது” என்பது சைட்டுக்கு. “அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்” என்பது வீட்டுக்கு. இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்தமாட்டார், செய்து காட்டுவார். சைட்டில் கையில் எப்போதும் முழ நீளத்துக்கு ஒரு கட்டைத் துண்டு. வீட்டில் வெறுங்கை. அம்மாவுக்கு உதடு கிழிந்தால் அவளே கண்ணாடி பார்த்து மருந்து வைத்துக்கொள்வாள். மறுநாள் வார்டில், பாத்ரூம் கதவு இடித்துவிட்டது என்பாள். “எங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு விரலு” என்று ஒருநாள் மாமா சொன்னபோது, அம்மா சிரித்தாள், உதடு மறுபடி கிழிந்து ரத்தம் வந்தது.

அதே அப்பாதான் என்னை மடியில் உட்காரவைத்து ரசமட்டத்தைக் காட்டுவார். கண்ணாடிக் குழாய்க்குள் பச்சை நீர், நடுவில் ஒரு குமிழி. “இது பொய் சொல்லாது பாப்பா. மனுசன் சொல்லுவான், இது சொல்லாது.” அந்த மஞ்சள் ரசமட்டம் இன்று எங்கே கிடக்கிறதோ.

அந்தக் குளிர்காலத்தில் நம் பள்ளியில் கண்காட்சி வைத்தார்களே, உலகக் கட்டடங்கள் என்று. குலுக்கலில் உங்களுக்கெல்லாம் தாஜ்மஹாலும் பிரமிடும் வந்தன. எனக்கு வந்தது ‘இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் தேவாலயம்’. அப்பா கேட்டுவிட்டு, “அதுக்கென்ன, தெர்மாகோல் வாங்கி அறுத்துட்டுப் போ” என்றார். யாழ்ப்பாணத்து அங்கிள்தான் நான்கு நகல் காகிதங்களைக் கொண்டுவந்து ஹாலில் கிடந்த கட்டில்மேல் பரப்பினார்.

“இஞ்ச பாரும் பிள்ளை. பிரான்ஸில போவே எண்டொரு ஊர். உலகத்தில ஒருத்தருக்கும் இல்லாத உயரத்தில கோயில் கட்டவேணுமெண்டு அந்த ஊர் ஆயருக்கு ஆசை. நூத்தைம்பது அடிக்கு மேல உள்வளைவு. கட்டி முடிச்சுப் பன்னிரண்டு வருசம். ஒருநாள் மேல்வளைவு அப்பிடியே இறங்கிட்டுது.”

“ஏன் அங்கிள்?”

“தூணுக்குத் தூண் இடைவெளி கூடிப்போச்சு எண்டு ஒரு கூட்டம் சொல்லுது. காத்து எண்டு இன்னொரு கூட்டம். கல்லு கீழ மட்டும் அமத்தாது பிள்ளை, பக்கத்துக்கும் தள்ளும். வளைவு எண்டாலே காலை அகட்டி விழப் பாக்கிற ஆள்தான். கூர் வளைவு கொஞ்சம் நல்ல பிள்ளை, பாரத்தைக் கீழ இறக்கும். ஆனாலும் தள்ளும். அதுக்குத்தான் வெளியில இந்தக் கைகள்.”

காகிதத்தில் தேவாலயத்தின் விலா எலும்புகள்போல வெளியே வளைந்து வளைந்து நின்றன அந்தக் கைகள். பறக்கும் முட்டு என்று பேராம். சுவரைக் கல்லால் தடிப்பாக்காமல் வெளியிலிருந்து தாங்கிக்கொண்டதால்தான், அவ்வளவு உயரத்தில் சுவரைக் கண்ணாடி ஜன்னலாகத் திறக்க முடிந்ததாம். விழுந்ததை எழுப்பும்போது இரண்டு தூண்களுக்கு நடுவே இன்னொரு தூண் சொருகினார்களாம். அப்புறமும் புத்தி வரவில்லை. முன்பக்கக் கூடத்தைக் கட்டாமல் போட்டுவிட்டு, நடுவில் வானத்தைக் குத்தும் கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். நாலே வருடம். ஒரு திருநாளில் சனம் ஊர்வலமாக வெளியே போன சமயத்தில் அதுவும் சரிந்தது.

“மிச்சமாத் தொங்கின கல்லையெல்லாம் தட்டி இறக்கவேணும்தானே? ஒரு தொழிலாளியும் ஏறமாட்டன் எண்டிட்டான். அப்ப என்ன செய்தவை தெரியுமோ? தூக்குக்குப் போக இருந்த கைதி ஒருத்தனைப் பிடிச்சு, ‘நீ ஏறித் தட்டு, உயிரோட இறங்கினா உன்னை விட்டிடுறம்’ எண்டு ஏத்தினவையாம். அப்பிடியொரு கதை.”

“இறங்கினானா?” இதைக் கேட்டது நானல்ல. தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்த மாமா.

“இறங்கினவன் எண்டுதான் சொல்லினம்.”

“கெட்டிக்காரப்பய!” என்று மாமா குதித்து இந்தப் பக்கம் வந்தார். வளைவுக்குக் கீழே மரச்சட்டம் நிற்கிற படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிப்போனது. “அட, இது நம்ம சென்ட்ரிங்குதான! எந்தக் காலத்து வெள்ளைக்காரன், அவனும் அடியில நின்னு ஆப்பு தட்டித்தான் எடுத்திருக்கான்.”

“எங்கட ஊர்க் கோயிலில குண்டு விழேக்க கூரை முழுக்கப் போச்சு, தூண் மட்டும் நிண்டது” என்றார் அங்கிள், யாரையும் பார்க்காமல். “உள்ள இருந்த சனத்தில தூணோட ஒட்டி நிண்டவை தப்பிச்சினம்.” அதோடு காகிதங்களை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டுத் தம் அறைக்குப் போய்விட்டார். அவர் வீட்டார் யாராவது தூணோடு நின்றார்களா என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் அதெல்லாம் கேட்கத் தோன்றாது.

மூன்று வாரம் நானும் மாமாவும் அந்தத் தேவாலயத்தைக் கட்டினோம். மாமா சைட்டிலிருந்து ப்ளைவுட் நறுக்குகள் கொண்டுவருவார். கூர்வளைவாகச் சின்னச் சின்னச் சட்டங்கள் இழைத்து, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் குழைத்து ஊற்றுவோம். நான் உடனே சட்டத்தைப் பிடுங்கப் போனால் கையைத் தட்டுவார். “ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கணும் குட்டி.” சாக்லேட் தாள்தான் ஜன்னல் கண்ணாடி. சிவப்பும் ஊதாவும் பச்சையும். கூரை ஓரத்தில் மழைநீரைத் துப்புகிற பூதங்களைச் சப்பாத்தி மாவில் பிடித்தோம். ஒரு பூதத்துக்கு மாமா அப்பாவின் மீசை வைத்தார். இரண்டு பேரும் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு சிரித்தோம். வெளியே இரண்டு பக்கமும் ஆறு ஆறு பறக்கும் முட்டுகள். கடைசிச் சட்டத்தை உருவியபோது வளைவு தானாக நின்றது. மாமா என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். தை மாதம் அவருக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. “லீவு மட்டும் கெடைக்கட்டும், உங்க அத்தைக்கு இதைப் போட்டோ புடிச்சுக் காட்டறேன், அவ புருசன் கோயில் கட்டினவன்னு தெரியட்டும்” என்றார். லீவுக்கு எழுதித் தரவேண்டியது ஃபோர்மேன். அதாவது அப்பா. இரண்டு மாதமாக “பாக்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்காட்சி அன்று காலை மாமா டியூட்டிக்குப் போய்விட்டார். டாக்ஸி கீழே நிற்கிறது. மாதிரி அட்டைப் பெட்டிக்குள் நுழையவில்லை, பக்கவாட்டில் முட்டுகள் இடித்தன. அப்பா ஒரு நிமிடம் பார்த்தார். “இந்தக் கையும் காலும் எதுக்கு, அழகாவா இருக்கு? செவுரு ஒழுங்கா இருந்தா முட்டு எதுக்கு?” என்று பட் பட்டென்று பன்னிரண்டையும் ஒடித்துக் குப்பையில் போட்டார். பெட்டிக்குள் சுகமாக நுழைந்தது.

மதியம்வரை நின்றது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பிரின்சிபால் குனிந்து பார்த்த நேரம், இரண்டு பக்கச் சுவரும் மெல்ல வெளியே சாய்ந்தன, கூரை வயிற்றில் உட்கார்ந்தது. அவர் கோட்டெல்லாம் வெள்ளைப் பொடி. நீங்கள் சிரித்தீர்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அப்பா குளித்துவிட்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. “அப்பா முட்டெல்லாம் ஒடிச்சதாலதான் விழுந்துச்சு” என்ற வாக்கியம் அவர் காதில் நேராக விழுந்தது. பெல்ட்டை எடுத்தார். முதல் அடி தோளில். இரண்டாவது முதுகில். மூன்றாவதை அம்மா கையில் வாங்கினாள். நான்காவதற்குள் மாமா தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“விடுங்க மச்சான். சின்னப்புள்ள.”

“கையப் புடிக்கிறியா? எங்கிட்ட சோறு தின்னுட்டு என் கையவே புடிக்கிறியா?”

பெல்ட்டின் இரும்புக்கொக்கி மாமாவின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, மாமா பிடித்த கையை விடவும் இல்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. அம்மா மாமாவின் புருவத்துக்கு நாலு தையல் போட்டாள். ஊசி குத்தும்போதெல்லாம் அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் காதில் விழவில்லை.

இரண்டு நாள் போனது. வெள்ளிக்கிழமை காலை, லீவு நாள். அம்மாவுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் டியூட்டி. அப்பா டீயை வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். அவர் வருத்தப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது, அதுதான் அவர் வருத்தப்படும் விதம். “கிளம்பு பாப்பா. பேப்பர் கோயில் விழுந்துச்சுன்னு சிரிச்சாங்கள்ல? உங்கப்பன் கட்டினது எப்படி நிக்குதுன்னு காட்டறேன். மாப்ளே, நீயும் வா, சுத்தியலை எடு.”

அஜ்மானைத் தாண்டி மணல்காட்டில் ஓர் அரபியின் வில்லா. முன்வாசலில் தூண்கள்மேல் கூரான வளைவாகவே நீளக் கூரை, கான்கிரீட்டில். அடியில் பலகை, பலகைக்கு அடியில் வரிசை வரிசையாக இரும்பு ஜாக்கிகள், திருகினால் ஏறி இறங்கும் முட்டுக்கால்கள். பார்த்ததும் எனக்கு அந்த நகல் காகிதம்தான் நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கிறது. அந்தப் பெருமையில்தான் கூட்டிவந்திருக்கிறார். வாட்ச்மேன் தவிர சைட்டில் ஆளில்லை. எஞ்சினியர் இல்லை. குளிர்காற்று மணலை வாரி அடித்தது.

“எல்லாத்தையும் தட்டி எடு மாப்ளே. புள்ள பாக்கட்டும்.”

மாமா மேலே பார்த்தார். “மச்சான், ஞாயித்துக்கெழமை ஊத்துனது. இன்னிக்கு அஞ்சாம் நாளு. குளிரு வேற, சிமெண்டு மெதுவாத்தான் எறுகும். பதினாலு நாளாச்சும் விடணும்.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா?” அப்பா சுத்தியல் காம்பால் வளைவின் ஓரத்தைத் தட்டினார். “கேட்டியா? மணி மாதிரி சத்தம்.”

“வெளித்தோலு காஞ்சிருக்கும். உள்ள பச்சைதான். பக்கத்துச் செவுரும் இன்னும் எழும்பல. ஆக்கப் பொறுத்துட்டு…”

கட்டைத் துண்டு மாமாவின் முதுகில் விழுந்தது. சத்தம் வளைவுக்கு அடியில் எதிரொலித்தது. இன்னொன்று தோளில். “பேச்சைக் கொறடா! லீவு வேணுமா வேணாமா ஒனக்கு? தட்டிட்டு வா, நாளைக்கே எழுதித் தர்றேன்.”

பக்கச் சுவர் இல்லை என்பது எனக்கும் தெரிந்தது. எங்கள் வீட்டில் அந்தப் படங்களைக் கட்டில்மேல் பரப்பிப் படித்தவள் நான். வெளியே கை இல்லை, தூண் காலை அகட்டும். வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். தோளில் பெல்ட் பட்ட இடம் எரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மாமா முதுகைத் தேய்த்துக்கொண்டே என் பக்கம் வந்தார். குனிந்து, அப்பாவுக்குக் கேட்காமல், “குட்டி, தூக்குக் கைதிக்கு விடுதலைடி” என்றார். கண்ணடித்தார், தையல் போட்ட கண்ணால். உடனே வலியில் முகத்தைச் சுளித்தார். அப்புறம் உள்ளே போனார்.

அவர் ஒழுங்காகத்தான் செய்தார். இதை யார் எங்கே கேட்டாலும் சொல்வேன். நடு உச்சிக்குக் கீழே தொடங்கி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அரைத்திருகல் அரைத்திருகலாகத் தளர்த்திக்கொண்டே ஓரத்துக்கு வந்தார். பலகைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. வளைவு நின்றது. அப்பா கைதட்டினார். “பாத்தியா! பாத்தியா பாப்பா!” மாமா திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

முதலில் ஒரு சத்தம், யாரோ துணி கிழிப்பதுபோல. அடுத்து இரண்டு தூண்கள் வெளிப்பக்கமாக, ரொம்ப மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் சாய்கிற ஆள்மாதிரி சாய்ந்தன. “மாமா” என்று நான் சொன்ன சொல் முடிவதற்குள் கூரை தரையில் இருந்தது. காற்று என் நெஞ்சில் குத்தி உட்கார வைத்தது. வாய், மூக்கு, கண் எல்லாம் சிமெண்ட். வளைந்த கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன.

அப்பா உள்ளே பாய்ந்தார். வெறுங்கையால் தோண்டினார். எதிரே வந்ததையெல்லாம் அடித்துப் பழகிய கைகள் அன்றைக்குக் கான்கிரீட்டை அடித்தன. நகங்கள் பெயர்ந்தன. “மாப்ளே, மாப்ளே, எந்திரிடா, லீவு எழுதித் தர்றேன்டா” என்று அவர் கத்தியதை நான் கேட்டேன். முதலில் வெளியே வந்தது மாமாவின் வலது கை. சுத்தியலை விடாமல் பிடித்திருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள்.

வாட்ச்மேனின் பிக்கப்பில் மாமாவின் தலை என் மடியில். கழுத்து நிற்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் யோசிக்கவில்லை, அம்மா இருக்கிற ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டி போனது. எமர்ஜென்சி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்ததும் அவள்தான். சிமெண்ட் பூசிய முகம் யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஈரப் பஞ்சால் துடைத்தாள். புருவத்தில் அவளே போட்ட நாலு தையல் தெரிந்தது. சட்டையை விலக்கியபோது தோளில் அப்பாவின் கட்டைத் துண்டு பதிந்த வரி தெரிந்தது. நாடி பார்க்கக் கையைப் பிடித்தாள். டாக்டர் வந்து, பார்த்து, உயிர் இல்லை என்று சொல்லிப் போன பிறகும் அந்தக் கையை அவள் விடவில்லை.

அப்பாவின் மொபைல் அடித்தது. கம்பெனி மேனேஜர். இந்தியில் பேசியது வெளியே எனக்கே கேட்டது. “லீவு நாள்ல லேபர் தானாப் போனான்னு சொல்லு. யாரும் அனுப்பலை. கலாஸ். மீதியை நாங்க பாத்துக்கறோம்.” அப்பா “அச்சா, அச்சா” என்றார்.

பிறகு போலீஸ்காரர் வந்தார். அவருக்கு அரபி மட்டும்தான். அப்பாவுக்குத் தெரிந்த அரபி யல்லா, கலாஸ், மாஃபி என்ற மூன்று சொல்தான்: கிளம்பு, முடிந்தது, இல்லை. இப்படிச் சமயங்களில் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். தமிழ் தெரிந்த நர்ஸ் அன்று டியூட்டியில் ஒருத்திதான். அவள் யாருக்கு என்ன உறவு என்று போலீஸ்காரருக்குத் தெரியாது. நடந்ததைக் கேட்டுச் சொல்லுமாறு அம்மாவிடம் சொன்னார். அம்மா அப்பாவைக் கேட்டாள்.

அப்பா தரையைப் பார்த்தார். பிய்ந்த விரல்களிலிருந்து ரத்தம் சொட்டியது. “அவனாத்தான் போனான்” என்றார். “நான் வேணாம்னுதான் சொன்னேன். பாப்பாவைக் கேளு.”

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். அடிக்கிற பார்வை இல்லை அது, கெஞ்சுகிற பார்வை. அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை. என் தலை மேலும் கீழும் ஆடியது. அது தானாக ஆடவில்லை, நான்தான் ஆட்டினேன். இத்தனை வருடத்தில் இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அம்மா போலீஸ்காரர் பக்கம் திரும்பினாள். சொட்டு மருந்து எத்தனை என்று நோயாளிக்குச் சொல்லும்போது பேசுவாளே, அப்படி நிறுத்தி நிறுத்தி அரபியில் சொன்னாள். நாலு வருடம் பள்ளியில் அரபி படித்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. “இவர் சொல்வது இதுதான்: இறந்தவன் வேண்டாம் என்று சொன்னான். இறுகவில்லை, விழும் என்றான். நான் அவனைக் கட்டையால் அடித்து உள்ளே அனுப்பினேன்.”

போலீஸ்காரர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். உறுதியாகத்தானா என்று கேட்டார்.

“அவர் வாயால் சொன்னது” என்றாள் அம்மா.

அவர் வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டே போனார். மூன்று வரி, நான்கு வரி. எழுதி முடித்து அட்டையை அப்பாவின் பக்கம் நீட்டினார்.

“என்ன சொன்னே?” என்று அப்பா தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு” என்ற அம்மா, தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, ரத்தம் படாத இரண்டு விரல்களுக்கு நடுவே அதைச் சொருகி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.